ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மட்டும்

இயேசு மரி சூசை துணை

வடமதுரை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ரூபிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி சுகம் என்று வைத்துக்கொள். அயர்லாந்துக் குளிரும் நைட் டூட்டியும் உன் உடம்பைப் படுத்தக் கூடாது என்று தினமும் செபத்தில் சொல்கிறேன். போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று கேட்பாய். போனில் நீ சொல்வதில் பாதி என் காதில் விழுவதில்லை, மில்லில் முப்பது வருசம் மெஷின் இரைச்சலில் நின்ற காது இது. மீதிப் பாதியை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இதை அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக் கீர்த்தனாவோடு பூசைக்குப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அந்தப் பெண் வந்ததும் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன்.

போன மாதம் வண்டியில் இண்டிகேட்டர் கெட்டுப்போனது. சுவிட்சைத் தள்ளினால் விளக்கு எரியும், மினுக்காது, அப்படியே நிற்கும். விளக்கை மினுக்க வைக்கும் பிளாஷர் ரிலே போய்விட்டது. அதொன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை, சைடு கவரைக் கழற்றினால் தீப்பெட்டி அளவில் கறுப்பாக இருக்கும், இரண்டே வயர், பழையதை உருவிவிட்டுப் புதியதைச் சொருக வேண்டியதுதான். மில் எலக்ட்ரீசியனுக்கு இது ஒரு வேலையா? மாற்றினேன். அம்மா வாசலில் நின்று, ம், டிக்டிக்னு நல்லாக் கேக்குதுங்க என்றாள். எனக்கு அந்தச் சத்தம் கேட்காது, வெயிலில் மீட்டரில் எரியும் பச்சை விளக்கும் தெரியாது. அதனால் நான்கு வருசமாக எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. வண்டி திரும்பிய பிறகும் டிக்டிக் ஓடிக்கொண்டிருந்தால் அம்மா பின்னாலிருந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள், நான் இண்டிகேட்டரை அணைப்பேன்.

செவ்வாய், வியாழன், சனி அவளை டயாலிசிஸுக்குத் திண்டுக்கல் கூட்டிப்போகிறேன் அல்லவா, புது ரிலே போட்ட பிறகு போகும்போது தட்டினாள், வரும்போது தட்டவில்லை. சத்தம் வந்தால்தானே தட்டுவாள், ரிலே மறுபடி போய்விட்டது என்று நினைத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் மினுக்குகிறது. கடைக்காரனைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்கி மாட்டினேன், அதுவும் அப்படியே. மூன்றாவதும் வாங்கினேன். கடைசியில் மெக்கானிக் அப்துல் ஜப்பாரிடம் கொண்டுபோனேன். ஒரு மணி நேரம் மினுக்கவிட்டுப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. ஏண்ணே, வீட்ல இருந்து போறப்ப வேலை செய்யுது, ஆஸ்பத்திரியில இருந்து வாறப்ப மட்டும் செய்யலேன்னா, நீங்க எங்கிட்டுப் போறீகன்னு ரிலேக்கு எப்படிண்ணே தெரியும் என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அப்போதுதான் ரிலேயை விட்டுவிட்டு அம்மாவை நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம், மெசின்ல இருந்து எந்திரிச்சாலே கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க, உங்க சட்டையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், எங்க வாறோம்னே தெரியல, சொன்னா வண்டியே வேணாம்பீக என்றாள். ஒரு மாதம் ரூபி! நாலு வழிச் சாலையில் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற இடத்தில், பாதி மயக்கத்தில் இருக்கிறவளைப் பின்னால் வைத்துக்கொண்டு, நல்ல ரிலேயைத் திட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன் பாவி நான்.

ஆட்டோ வைப்போம் என்றேன். வண்டியில போனா கடைக்குப் போறாகன்னு நெனப்பாக, ஆட்டோ வாசல்ல வந்து நின்னா சீக்காளி போறான்னு தெருவே எட்டிப் பாக்கும், ஆட்டோவக் கூப்பிட்டீகன்னா நான் ஆஸ்பத்திரிக்கே வரல என்று ஒரே பிடியாக நிற்கிறாள். கெஞ்சினேன், கத்தினேன், பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னேன். அவருக்கும் காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

நேற்று சனிக்கிழமை. போகாமல் இருக்க முடியாது என்பது என்னைவிட நர்ஸ் வேலை பார்க்கிற உனக்குத் தெரியும். வரும்போது என் துண்டால் அவள் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் பார்த்தார்கள். விழுந்தா ரெண்டு பேரும்ல சேந்து விழுவோம் என்றாள். விழுவோம் என்றேன். என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மூச்சு முதுகில் படுகிறதா, படுகிறதா என்று அதிலேயே கவனமாக வந்தேன், ரோட்டை எங்கே பார்த்தேன்.

எனக்கு வழி தெரியவில்லை மகளே. அவள் அடங்குவது உன் ஒருத்தியின் பேச்சுக்குத்தான். நாளைக்குள் கூப்பிட்டுப் பேசு, ஆட்டோவில் ஏறச் சொல். நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, டூட்டி முடிந்து வந்து பட்டினியாகத் தூங்காதே. ஆண்டவர் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும். நாளைக்கு மறந்துவிடாதே ரூபி. நீ சொல்லியும் அவள் கேட்காவிட்டால், செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நான் வண்டியை எடுக்கத்தான் வேண்டும்.

உன் அப்பா,
ராயப்பராஜ்