பணிப் பட்டியலில் ஏறாத வேலை

அனுப்புநர்:
கா. சடையன், வயது 54,
லிஃப்ட் இயக்குபவர்,
பொன்மலர் அறக்கட்டளை மருத்துவமனை,
குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக அலுவலர் அவர்கள்,
பொன்மலர் அறக்கட்டளை மருத்துவமனை,
குமாரபாளையம்.

பொருள்: புதிய தரவு ஆளுகை விதிகள் – ரத்தக் கொடையாளர்களை அழைக்கும் வேலையைப் பணிப் பட்டியலில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 01.08.2025 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அவரவர் பணிக்குத் தேவையான தகவலை மட்டுமே அவரவர் பார்க்கலாம். எவருடைய பணிக்கும் இதனால் இடையூறு வராது என்று சுற்றறிக்கை உறுதி கூறுகிறது. என் பெயருக்கு எதிரே "லிஃப்ட்" என்று எழுதியிருக்கிறார்கள். அது பொய்யல்ல. ஆனால் பத்தொன்பது ஆண்டுகளாக ரத்தம் கொடுப்பவர்களைக் கூப்பிட்டு வரவழைத்தவனும் நான்தான். ஒருநாள் ரத்த வங்கியில் ஆள் இல்லாமல் கூப்பிட்டேன், அதோடு அந்த வேலை என் தலையில் விழுந்தது. யாரும் எழுதித் தராத வேலை என்பதால், அது என் கையை விட்டுப் போனதுகூட யாருக்கும் தெரியவில்லை.

2. கொடையாளர் எண்களை எழுதி வைத்திருந்த என் நோட்டையும், அவர்களை அழைக்கும் மருத்துவமனை போனையும் அன்றே ஒப்படைத்தேன். விதி தவறு என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நோயாளியின் உறவினர் அழுததைப் பார்த்து, கொடையாளர் ஒருவரின் எண்ணைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அவரை ஒரு மாதம் நிம்மதியாக இருக்க விடவில்லை. அவர் என் முகத்துக்கு நேரே திட்டினார். எனக்கு அது வேண்டியதுதான். விதியை மதித்து இம்மனுவிலும் எந்தக் கொடையாளர் பெயரையும் எழுதவில்லை.

3. கணினி இப்போது எல்லோருக்கும் ஒரே குறுஞ்செய்தி அனுப்புகிறது. லாரி ஓட்டுபவர் குறுஞ்செய்தி படிப்பதில்லை. தறிப்பட்டறைக்காரருக்கு மணிச்சத்தம் கேட்காது, டீ நேரத்தில்தான் கூப்பிட வேண்டும். இன்னொருவர் வீட்டம்மாவிடம் முதலில் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ஒருவர் கொடுக்கலாம் என்பதால் முறை பிரித்து வைத்திருந்தேன்.

4. மல்லசமுத்திரம் திருமதி கண்ணாத்தாளின் மகள் அறிவுச்செல்விக்கு வயது ஆறு (தாயாரின் சம்மதத்துடன் எழுதுகிறேன்). மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்றினால்தான் அவள் எழுந்து நடப்பாள். 21.10.2025 அன்று ஏற்ற வேண்டியதை 24ஆம் தேதிதான் ஏற்றினார்கள். பதினொரு பேருக்குச் செய்தி போயும் அதுவரை யாரும் வரவில்லை. மூன்று நாளும் அந்தத் தாய் என் லிஃப்ட் வாசலில் நின்று, "அண்ணா, நீங்க ஒரு போனு போட்டு உட்டா வந்துருவாங்களே, ஏனுங்க போட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார்.

5. ரத்த வங்கி கணினிப் பொறுப்பாளர் செல்வி வித்யாவிடம் முறையிட்டேன். "உங்க வேலையில யாரும் கை வெக்கலீங்கண்ணா, லிஃப்ட் அப்படியேதான இருக்குது" என்றார். நல்ல பெண், பட்டியலில் உள்ளதைத்தான் சொன்னார்.

6. இதை எழுதுவது முறையா என்று தெரியவில்லை. எனக்கு மனைவி மக்கள் இல்லை. முன்பு தீபாவளியன்று கொடையாளர்களின் வாழ்த்தால் அந்த மருத்துவமனை போன் ஓயாது. இந்த ஆண்டு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. லிஃப்ட்டில் ஏறுபவர்கள் மாடி எண்ணைச் சொல்வதோடு சரி. தனியாக இருக்கிறேன் ஐயா.

7. நோட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. எண் என் கண்ணில் படாமல் கணினி வழியாகவே நான் பேச ஏற்பாடு செய்யலாம். எப்போது யாரை அழைத்தேன் என்பதும் பதிவாகட்டும். பட்டியலில் என் பெயருக்கு எதிரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

8. குழந்தைக்கு அடுத்த முறை ரத்தம் ஏற்ற வேண்டியது 14.11.2025, வெள்ளிக்கிழமை. கொடுக்கும் முறை வந்திருப்பவர் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர். நோட்டை ஒப்படைத்தேனே தவிர, அவர் எண் எனக்கு மனப்பாடம். இதுநாள்வரை அழைக்கவில்லை. வியாழன் மாலைக்குள் தங்கள் உத்தரவு கிடைக்காவிட்டால் என் சொந்த போனிலிருந்து அழைப்பேன். அது விதிமீறல் என்று அறிவேன். நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தால், இம்மனுவையே என் ஒப்புதலாக வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: குமாரபாளையம்
நாள்: 10.11.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) கா. சடையன்