இரண்டு ஊர்வலம்

திருப்பாதிரிப்புலியூர்,
15.10.2012

அன்புள்ள மாமாவுக்கு,

வெண்மதி எழுதுவது. நானும் நம் பாப்பாவும் உங்கள் அப்பாவும் சுகம். வயிற்றுவலி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று முதலில் எழுதுங்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் ஒன்பது வார்த்தை சொல்வீர்கள், அதற்குள் பேலன்ஸ் தீர்ந்துவிடும். காகிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான். செம்பியன் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை ஷார்ஜா திரும்புகிறார். இதையும் ஒரு சதுரப் பார்சலையும் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பார்சலைப் பிரிக்கும் முன் இதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

எடுத்த எடுப்பில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றதைச் செய்துவிட்டேன். அப்பாவின் பேண்டு வாத்தியத்தை இசைத்தட்டாகப் போட்டு, நேற்று நம் ரெக்கார்டு கடையில் வெளியிட்டும் விட்டேன். 'இரண்டு ஊர்வலம்' என்று பெயர். ஒரு பக்கம் கல்யாண ஊர்வலம், மறு பக்கம் சாவு ஊர்வலம். அட்டையில் எல்லோரும் சிவப்புக் கோட்டோடு நிற்கிற படம். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் 'நெல்லிக்குப்பம் பொன்னுரங்கம் பேண்டு செட்'.

"சாவுக்கு வாசிச்ச மனுசன் பேர தட்டு போட்டு ஊருக்கே காட்டணுமா? அப்பா பேரு அட்டையில வந்தா அந்தக் கடைக்குள்ள நான் காலே வெக்க மாட்டேன்" என்று சித்திரையில் நீங்கள் கத்தியது என் காதில் இன்னும் இருக்கிறது. உங்கள் அறையில் இருப்பவர்களிடம் அப்பா சர்க்கரை ஆலையில் சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருப்பதும் தெரியும். செம்பியன் அண்ணனைத் திட்டாதீர்கள், நான்தான் வாயைப் பிடுங்கினேன். அப்பா ஆலையில் கரும்பு இறக்கினார், லீவு நாளில் கிளாரினெட் வாசித்தார். அந்தக் காசில்தான் நீங்கள் பாலிடெக்னிக் படித்தீர்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை மாமா, உங்களுக்கு ஏன் இருக்கிறது என்றுதான் எனக்குக் கோபம்.

கடையைப் பற்றியும் கேளுங்கள். தானே புயலில் கூரை பறந்தபோது இழுத்து மூடச் சொன்னீர்கள். நனைந்த சிடியெல்லாம் போனது போனதுதான். இசைத்தட்டுகளை மட்டும் நானும் அப்பாவும் சோப்புத் தண்ணீரில் அலசி, கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி வரிசையாக நிறுத்திக் காயவைத்தோம். ஒன்றுகூடக் கெடவில்லை. இப்போது சனிக்கிழமையானால் பாண்டிச்சேரியிலிருந்து வெள்ளைக்காரர்களும் சிதம்பரத்திலிருந்து காலேஜ் பிள்ளைகளும் வருகிறார்கள். வெளிநாட்டில் இந்த மாதம் வந்த ஆல்பம் நம் கடையில் அடுத்த மாதம் தட்டாகக் கிடைக்கிறது. வாசல் கரும்பலகையில் 'இந்த வாரம் வந்த புதுத் தட்டு' என்று எழுதிப் போடுவேன். நாலு வருஷமாக அதில் எழுதியதெல்லாம் லண்டன்காரன், அமெரிக்காக்காரன் பெயர்தான். ஒரு நாள் எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளே அப்பா கிளாரினெட்டைத் துடைத்துவிட்டு ரெண்டு வரி ஊதிப் பார்த்தார். ஒரு காலேஜ் பையன் ஓடி வந்து, "அக்கா, இது எந்த ரெக்கார்டு, எனக்கு ஒண்ணு வேணும்" என்றான். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

ஒலிப்பதிவு சிதம்பரத்தில் நடந்தது. கல்யாணத்தை முதலில் வாசிக்கலாம் என்று நான் சொன்னதற்கு அப்பா ஒப்பவே இல்லை. "எழவு வாசிப்ப வாசிச்சிட்டு அப்படியே வூட்டுக்குப் போவக்கூடாதும்மா. அத மொதல்ல முடிச்சி, தலைக்கு ஊத்திக்கினு, நல்லத வாசிச்சிட்டுத்தான் கெளம்பணும்" என்றார். அப்படியே நடந்தது. சாவுப் பக்கம் முடிந்ததும் பேண்டு மொத்தமும் ஸ்டுடியோ பின்னால் இருந்த போர் குழாயில் தலை முழுகியது. பெரிய டிரம் அந்தோணிசாமி அண்ணன் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், அவரும் முழுகினார். ஈரத் தலையோடு வந்து கல்யாணத்தை வாசித்தார்கள் பாருங்கள், ஸ்டுடியோக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். ஸ்டுடியோக்காரர், அவர்கள் வாசித்த வரிசைப்படியே தட்டு அடிக்க வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். நானோ, மங்களகரமாகத் தொடங்கட்டும் என்று கல்யாணத்தை முதல் பக்கமாக லேபிள் அடித்து அனுப்பியிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அத்தனை தட்டிலும் லேபிள் பக்கம் மாறி உட்கார்ந்துவிட்டது. போட்டுப் பார்க்கவும் வழியில்லை, பார்சல் சென்னையில் சிக்கி நேற்றுக் காலைதான் வந்தது. முதல் ஊசி சபையில்தான் விழவேண்டும் என்று அப்பா வேறு சொல்லிவிட்டார்.

சாயங்காலம் வாசலில் பந்தல், நாற்காலி, ஜனம். சிதம்பரம் மரவாடி வைத்திலிங்கம் ஐயா தலைமை. நம் கடைக்கு மாசம் தவறாமல் வருகிறவர். தை மாதம் அவர் மகள் கல்யாணம், பேண்டு பேசலாம் என்று சம்பந்தி வீட்டாரையும் அழைத்து வந்திருந்தார். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, 'கல்யாண ஊர்வலம்' என்று லேபிள் பார்த்து அவரே ஊசியை வைத்தார்.

சாவு வாசிப்பு கிளம்பியது மாமா!

சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ, "இதுங்களுக்கு இதான வரும்" என்றது என் காதில் விழுந்தது. ஓடிப்போய் ஊசியில் கை வைத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எடுக்காதம்மா. இத ஆரமிச்சா பாதியில நிறுத்தக்கூடாது. பாடைய நடுத்தெருவுல எறக்கி வெச்சிட்டு வருவாங்களா?" என்றார். அவர் குரல் உயரவில்லை, ஆனால் பந்தல் முழுக்கக் கேட்டது. எழுந்த ஆட்கள் நின்றபடியே நின்றுவிட்டார்கள்.

இருபது நிமிஷம். நான் சாகாமல் செத்தேன். கடைசி உருப்படியில் அப்பாவின் கிளாரினெட் தனியாக ஏறும், உங்களுக்குத் தெரியும். அது முடிந்ததும் பூக்கடை விருத்தாம்பாள் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். போன வருஷம் அவர் வீட்டுக்காரர் தவறியபோது நம் பேண்டுதான் போனது. அப்பா எதிரில் நின்று, "எங்க வூட்டுக்காரருக்கு இதத்தான வாசிச்சீங்க? அன்னிக்கி நான் அழுத அழுகையில ஒண்ணுமே காதுல வுழல. இவ்ளோ மரியாதையாவா அவர அனுப்பி வெச்சீங்க?" என்று கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வைத்திலிங்கம் ஐயா தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு அவரே தட்டைத் திருப்பிப் போட்டார். கல்யாணம் கிளம்பியது பாருங்கள்! பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், காலேஜ் பிள்ளைகள் ரோட்டில் இறங்கி ஆடினார்கள், சம்பந்தியம்மா கை தாளம் போட்டது. முதல் பாட்டு முடியும் முன்பே தை மாதத்துக்கு வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டி பெட்டியாகத் தட்டு போனது. லேபிள் மாறியதே இருக்கட்டும், திருத்தாதே என்று பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் சொல்லி ஐந்து வாங்கினார்.

இத்தனை வருஷம் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிட்ட மனுஷர், நேற்று தலைமை நாற்காலியில் உட்கார்ந்து வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டார். எப்படித் தெரியுமா? ஆலையில் வருகைப் பதிவேட்டில் போட்டுப் பழகிய கையல்லவா, ஒவ்வொரு அட்டையிலும் பெயருக்குக் கீழே மணியும் போட்டார். மாலை 5.40, மாலை 5.42 என்று. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இன்று காலை கரும்பலகையில் லண்டன்காரன் பெயரை அழித்துவிட்டு அப்பா பெயரை எழுதினேன். அவர் எதிர்ச் சாரியில் நின்று டீ குடிப்பது போல அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி பார்சலைப் பிரியுங்கள். உங்கள் மேனேஜர் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருப்பதாகச் சொன்னீர்களே, அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள். ஊசியைப் பாதியில் எடுக்காதீர்கள். கல்யாணப் பக்கத்தில் இரண்டாவது பாட்டில், கிளாரினெட் நின்றதும் நாலு டிரம் அடி வெறுமனே போகும். தட்டில் கோளாறு என்று நினைக்கவேண்டாம். அந்த இடத்தை அந்தோணிசாமி அண்ணன் நிரப்புகிறேன் என்றார், ஸ்டுடியோக்காரரும் சொல்லிப் பார்த்தார். அப்பா விடவில்லை. "அது எம்மவன் சேரன் எடம்" என்றார்.

காலேஜ் சிநேகிதர்கள் பார்த்துவிட்டார்கள் என்று சாவு வீட்டு வாசலில் நீங்கள் வீசிவிட்டு வந்த சின்ன டிரம் குச்சி இரண்டும் அவர் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. நேற்று எடுத்து எண்ணெய் தடவி வைத்தார்.

தை பன்னிரண்டாம் தேதி சிதம்பரத்தில் ஊர்வலம். லீவு கேளுங்கள் மாமா. கடைக்குள் கால் வைக்கமாட்டேன் என்ற சபதத்தை நீங்கள் உடைக்க வேண்டாம். வாசலில் நில்லுங்கள், வெளியே கேட்கிற மாதிரி நான் போடுகிறேன். நாலே நாலு அடிதான். உங்களுக்கு மறந்திருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். யார் வாசிக்கிறது என்று அங்கே யாராவது கேட்டால், எங்கப்பா என்று சொல்லுங்கள்.

நீங்கள் திட்டினாலும் திருந்தாத,
வெண்மதி