கால் விரலும் சனாதிபதியும்

ஒக்ரோபர் 9, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. முழங்கால் குத்து. ஞாயிறு என் மனிசன், இவருடைய திவசம். வாங்க வேண்டியவை: வாழைக்காய், பூசணிக்காய், எள்ளு, பயிற்றங்காய், வாழையிலை. தர்ப்பை ஐயர் கொண்டுவருவார். போன வருடம் இங்கே பக்கத்தில், லாசால் கடையில் கறுத்த இலையைத் தலையில் கட்டிவிட்டான் கடைக்காரன். முகத்தில் சிரிப்பு வேறு. இந்த முறை ஆற்றுக்கு அங்கால், லவாலில்தான் வாங்குவது. அவன் கடை வாசலையும் மிதிப்பதில்லை.

பின்னேரம் மூத்தவன் நேசன் வேலையால் வந்து ஜாக்கெட் கழற்ற முன்னமே தம்பி ரவிக்குப் போன். எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் எடுத்தான். அந்தக் கேள்வியோடு வைத்திருக்கலாம். வைப்பானா? அடுத்த வாய் அமெரிக்க சனாதிபதி. மூத்தவன் மொன்றியலில், இளையவன் நியூஜேர்சியில், நடுவில் ஒரு எல்லை. அது போதாதென்று இப்போது அந்த மனிதரும் குறுக்கே நிற்கிறார்.

போனைச் சத்தமாக வைத்துத்தான் கதைப்பான். கேட்கக் கூடாதென்று காதைப் பொத்தவா முடியும்.

"உன்ர ஆளின்ர செல்வாக்கு விழுந்து கிடக்கு. பேப்பரில வந்திருக்கு, பாத்தனியே?"

"உங்கட பேப்பர் உப்பிடித்தான் போடும் அண்ணை. என்ர போனில ஏறினதெண்டெல்லோ கிடக்கு."

ஒரே ஆள், பேப்பரில் ஒரு மார்க், போனில் ஒரு மார்க். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எங்கள் பள்ளிக்கூடத்தில்கூட ஒருவனுக்கு ஒரு மார்க்தான்.

பிறகு வைத்தியக் காப்புறுதி. சனம் காப்புறுதி வாங்க அங்கே அரசாங்கம் கொடுக்கும் உதவியைச் சனாதிபதி மாற்றப் போகிறாராம். நேசன், சனம் மருந்தில்லாமல் சாகப் போகுது என்கிறான். ரவி, கள்ளர் தின்னுறதைத்தான் நிப்பாட்டுறார் என்கிறான். அங்கே வோட்டு உள்ளவன் ரவி. இவனுக்கு அங்கே ஒரு வோட்டும் இல்லை. சத்தம் முழுக்க இவனுடையது.

கடைசியில் என் முழங்காலையும் இழுத்தார்கள். "அம்மாவின்ர கால் ஒப்பரேசனுக்கு எத்தனை வருசமாக் காத்திருக்கிறியள்? அதுதானே உங்கட இலவசம்" என்று அவன். "அப்பாவுக்கு இதயத்தை வெட்டித் தைச்சவங்கள். ஒரு சதம் கேட்டவங்களே?" என்று இவன். என் முழங்காலை இரண்டு பேரும் கொடி மாதிரித் தூக்கிப் பிடிக்கிறார்கள். நோவு மட்டும் எனக்கு.

எப்போது வருகிறான் என்பதைக் கேட்க மறந்து போனை வைத்துவிட்டான். நான் திரும்ப எடுத்துக் கேட்டேன். நாளைக்கு இருளுக்கு முன் வருவானாம்.

ஒக்ரோபர் 10, வெள்ளி

மழை விட்டது. காற்று. மேப்பிள் இலை எல்லாம் படிக்கட்டில் ஒட்டிக் கிடக்கிறது, வழுக்கும். நேசனிடம் கூட்டச் சொன்னேன். கூட்டவில்லை.

ரவி வந்துவிட்டான். மெலிந்து போனான். கன்னம் ஒட்டி. "டயட் அம்மா" என்கிறான். வேலை எப்படி என்று கேட்டால் "போகுது." முந்தி வேலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தாத பிள்ளை.

சப்பாத்தை வாசலில் கழற்றினான், சொக்ஸைக் கழற்றவில்லை. சுவாமி அறைக்குள்ளும் சொக்ஸோடு. அமெரிக்கா போய் நாகரிகம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. மனதில் வைத்திருக்கிறேன். போன வருடத் திவசத்துக்கு வராததும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

சாப்பாட்டில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். மருமகள் வதனி அவியவிட்டது, கொஞ்சம் உப்புக் கூட. இரண்டாம் வாய்க்கே தொடங்கிவிட்டார்கள். வதனி தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். "மாமி, நீங்களும் வாங்கோ. உவை இண்டைக்கு முடிக்கமாட்டினம்." நான் போகவில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று ஒருவருக்காவது ஞாபகம் இருக்க வேண்டும்.

நேசன்: உன்ர ஆளுக்கு வோட்டுப் போட்டவனே இப்ப முகத்தைத் திருப்பிறான்.
ரவி: நான் திருப்பேல்லையே.
நேசன்: நீ ஒரு விசரன்.
ரவி: விசரனெண்டாலும் வரி கட்டுற விசரன்.

இவரும் இவருடைய தமையனும் இப்படித்தான். ஒரு எலெக்சனில் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி நோட்டீஸ், அந்தப் பக்கம் மற்றது. அதோடு கதை இல்லை. தமையனின் செத்தவீட்டுக்கும் இவர் போகவில்லை. நான்தான் தனியாகப் போய் ஒரு மூலையில் இருந்துவிட்டு வந்தேன். அங்கே தமையனின் பெண்சாதி எனக்கு ஒரு தேத்தண்ணி தரவில்லை. அந்த இரண்டு கட்சியும் இப்போது எங்கே? ஒருவருக்கும் பேர்கூட நினைவில்லை. எனக்கு மட்டும் இருக்கிறது.

ஒக்ரோபர் 11, சனி

வெயில், ஆனால் சூடில்லை. இலை, காய்கறி வந்துவிட்டது. லவால் கடை இலை நல்ல பச்சை.

ரவி பகல் முழுக்கச் சோபாவில். கடைக்கு வா என்றால் வரவில்லை. நேசன் "சனாதிபதி மாதிரி இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனான். பேத்தி மாதுமை மட்டும் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து இங்கிலிசில் குசுகுசு. நான் போனதும் நிறுத்தினார்கள். எனக்கு இங்கிலிஸ் விளங்காது என்று நினைப்பு. விளங்காதுதான். ஆனால் முகம் விளங்கும்.

அவன் நடக்கும்போது இடது காலைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைக்கிறான். கேட்டேன். "கார் ஓடின அலுப்பு அம்மா."

ஒக்ரோபர் 12, ஞாயிறு

இவருடைய திவசம். எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

புகைக்குக் கத்தும் பெட்டிக்கு வதனி ஷவர் தொப்பி போட்டுக் கட்டினாள். போன முறை சாம்பிராணிக்கு அது கத்தி, கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்காரி மேலே ஓடிவந்து, ஐயர் நடுங்கிப் போனார். இந்த முறை சத்தமில்லை. ஐயர் நேரத்துக்கு வந்தார். அடுத்த திவசம் டொலார்ட் பக்கம் ஒரு வீட்டில், அவசரம் அவருக்கு.

நேசன் வேட்டியோடு பலகையில். ரவி வேட்டியும் சொக்ஸுமாக வந்து பக்கத்தில் நின்றான்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, சொக்ஸைக் கழட்டிப்போட்டு இருங்கோ."

"குளிருது ஐயா."

"இதுக்குள்ள என்ன குளிர்? ஹீட்டர் எல்லோ போட்டுக் கிடக்கு."

நேசன் விடுவானா. "அமெரிக்காவில பிதிர்க்கடனும் சொக்ஸோடதான் போல, ஐயா. புதுச் சட்டமாக்கும்."

எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. வெள்ளியிலிருந்து அடக்கி வைத்தது. "தேப்பனுக்கு முன்னால சப்பாத்துப் போட்டவன் மாதிரி நிக்கிறாய். கழட்டடா" என்று கத்தினேன்.

குனிந்து கழற்றினான். வலது காலில் ஒன்றுமில்லை. இடது காலில் பெருவிரலைச் சுற்றி துணி, மஞ்சள் பிடித்து. சாம்பிராணிக்கு மேலால் அந்த மணம் வந்தது. துணி விலகின இடத்தில் விரல் ஓரம் கறுத்து இருந்தது. சீனி வருத்தம், நீரிழிவு வந்தவனின் கால். எனக்கு அந்தக் கறுப்புத் தெரியும். என் தமக்கைக்கு அப்படித்தான் தொடங்கி முழங்காலோடு போனது.

ஐயர்தான் முதலில் வாய் திறந்தார். மெதுவாக. "புண்ணோட இருக்கத் தேவையில்லை தம்பி. கதிரையில இருந்து கும்பிடுங்கோ. அண்ணை செய்யட்டும்."

நேசன் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். மந்திரம் பிழையாகச் சொன்னான், ஐயர் இரண்டு தரம் திருத்தினார்.

ஐயர் போன பிறகு ரவி துணியைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தான். மாதுமைதான் சொன்னாள். "அப்பம்மா, சித்தப்பாக்கு வேலை போயிற்றுது. வெயில் காலத்தில. இன்சூரன்ஸும் அதோட போயிற்றுது. இப்ப டாக்ஸி மாதிரி ஓடுறார். புண் வந்து எவ்வளவு நாளோ. டொக்ரரிட்டப் போகேல்லை. உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டவர்."

"எனக்கோ, கொப்பருக்கோ?"

பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். "அப்பாக்கு."

அதுதானே. கால் அழுகினாலும் பரவாயில்லை. அண்ணனுக்கு முன்னால் தோற்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் போனில் காப்புறுதிக் கதை கதைத்துக்கொண்டு, தனக்குக் காப்புறுதி இல்லை என்று சொல்லாமல். நான் பெற்ற பிள்ளை. இவருடைய பிள்ளை.

நேசன் எழும்பினான். "பாத்தியே, இதுதான் உன்ர..."

தேங்காய்ப்பூக் கிண்ணத்தை மேசையில் குத்தினேன். கிண்ணம் பிளந்தது. "இன்னொரு சொல்லு சொன்னியெண்டால் இண்டைக்கு இந்த வீட்டில ஒருத்தருக்கும் சோறில்லை."

படையல் ஆறிப் போய்த்தான் சாப்பிட்டோம். நல்ல வாழைக்காய். யாருக்கும் உருசி தெரியவில்லை.

ஒக்ரோபர் 13, திங்கள்

இங்கே லீவு. வெளியே நல்ல வெயில், யாருக்கு வேண்டும்.

ரவி விடியவே பையைக் கட்டிவிட்டான். போய் ஓடாவிட்டால் உழைப்பில்லை என்கிறான். அங்கே போய் டொக்ரரிடம் காட்டுகிறானாம். காட்டுவான். இத்தனை நாளும் காட்டினவன்.

கார்ச் சாவி கதவடியில் தொங்கிற்று. எடுத்து அரிசி வாளிக்குள் ஆழமாகத் தாட்டேன். முழங்கையளவுக்கு. பிறகு வாளிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து பூண்டு உரித்தேன்.

தேடினான். சோபாவைப் புரட்டினான். "அம்மா, சாவி கண்டனீங்களே?"

நான் பூண்டைப் பார்த்தேன்.

நேசன் வாசலில் நின்றான். நான் அரிசி வாளியை மூடியதை அவன் கண்டுவிட்டான், எனக்குத் தெரியும். காட்டிக்கொடுப்பான் என்றுதான் நினைத்தேன். பத்து வயதில் மாங்காய் களவுக்கும் தம்பியைக் காட்டிக்கொடுத்தவன்.

"நான்தான் எடுத்தனான்" என்றான். "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டிப்போட்டு வா, தாறன்."

"என்னட்ட உங்கட வைத்தியக் காட் இல்லை. காசு கேப்பாங்கள்."

"கேக்கட்டும். அது என்ர பாடு."

"இப்ப என்னை வெண்டிட்டன் எண்டு நினைக்கிறியள், என்ன?"

"ஓம். வெண்டிட்டன். சப்பாத்தைப் போடு."

எல்லோரும் போனோம். வதனி மட்டும் வீட்டில். அவசரப் பிரிவில் நிற்க இடமில்லை. மத்தியானம் போனது, பின்னேரம் போனது, அழைக்கவில்லை. ரவிக்கு அதுவே உற்சாகம். மணிக்கூட்டைப் பார்ப்பதும் அண்ணனைப் பார்ப்பதும். "பாருங்கோ அண்ணை. இதுதான் நீங்கள் புளுகிற இலவசம்." "நீ அங்க காத்திருக்கவும் இல்லையேடா. காத்திருக்க ஒரு இடமாவது இஞ்சை இருக்கு." பக்கத்தில் கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்த கறுப்பு மனிசி ஒருத்தி இவர்களைப் பார்த்துச் சிரித்து என்னிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னா. மாதுமை: "உங்கட மகன்மாரோ எண்டு கேக்கிறா அப்பம்மா." ஓம் என்று தலையாட்டினேன். அவ தன் பக்கத்தில் இருந்த இரண்டு ஆம்பிளைகளையும் காட்டித் தலையில் அடித்தா. அவவுக்கும் அதே வருத்தம்.

இருட்டின பிறகுதான் டொக்ரர். சின்னப் பெட்டை. மாதுமை சொல்லச் சொல்லக் கேட்டோம். எலும்புக்குப் போயிருக்கலாமாம். ஊசி மருந்து தொடங்குகிறார்கள். கட்டு ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் மாற்ற வேண்டும். கார் ஓடக் கூடாது. வெள்ளிக்கிழமை திரும்பப் பார்த்துத்தான் விரலை வைத்திருப்பதா எடுப்பதா என்று சொல்லுவார்கள்.

வரும் வழியில் இருவரும் சண்டை பிடிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒக்ரோபர் 15, புதன்

குளிர். பால் முடிந்தது, மூலைக்கடை டிப்பனரில் வாங்கச் சொல்ல வேண்டும். கோயிலுக்கு வரும் பவளம் போன் எடுத்தாள், ரவிக்குக் கால் எடுக்கப் போகிறார்களாமே என்று. கால் இல்லை, விரல், அதுவும் இன்னும் இல்லை என்று சொல்லி வைத்தேன். கோயிலில் பரவிவிட்டது. யார் சொன்னதென்று கண்டுபிடிப்பேன்.

நேற்று நேர்ஸ் வந்து ஊசி போட்டு, கட்டு மாற்றக் காட்டிக்கொடுத்தா. வதனி செய்வாள் என்றுதான் நினைத்தேன். நேசன் கையைக் கழுவிக்கொண்டு வந்து நிலத்தில் இருந்துவிட்டான்.

ஒக்ரோபர் 16, வியாழன்

நாளைக்கு ஆஸ்பத்திரி. காலையில் சாப்பாடு கொடுக்கலாமோ என்று கேட்க வேண்டும்.

பின்னேரம். ரவி சோபாவில் காலை நீட்டி. நேசன் வேலை உடுப்போடு கீழே, தம்பியின் குதிக்கால் இவன் மடியில். கட்டுத் துணியை நனைத்து மெல்ல மெல்ல உரிக்கிறான். வாய் மட்டும் பழையபடி.

"இறுக்காதேங்கோ அண்ணை."

"இறுக்கேல்லை. உன்ர சனாதிபதிக்குச் சொல்லி வேற ஆளை அனுப்பு."

"அவர் திருப்பி ஏறிறார், தெரியுமே. இப்ப வந்தது."

"எங்கை வந்தது? கை ரெண்டும் மருந்து, என்னால பாக்கேலாது. நீ வாசி."

ரவி போனைத் தூக்கி இங்கிலிசில் வாசித்தான். நேசன் "பொய்" என்றான். ரவி அடுத்ததை வாசித்தான். "அதுவும் பொய்." நான் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டு இருந்தேன். இரண்டுக்கும் ஒரு குட்டு வைக்கலாம் போல இருந்தது.

கட்டு முழுக்கக் கழன்றது. நான் எட்டிப் பார்க்கவில்லை. ரவி பார்த்தான். வாசிப்பு நின்றது.

"அண்ணை. நாளைக்கு எடுக்கவேணுமெண்டு சொன்னால் என்ன செய்யிறது?"

நேசன் குதிக்காலை இன்னும் கொஞ்சம் தன் மடிக்குள் இழுத்தான். புதுத் துணியை எடுத்தான்.

"வாசி" என்றான். "உன்ர ஆள் பிறகு என்ன சொன்னவனாம்? மிச்சத்தையும் வாசி."

ரவி வாசித்தான்.