அத்தைக்கு நாலு பேனல்

பிப்ரவரி 9

வணக்கம்.

நான்கு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். உங்கள் அம்மா நன்றாக உயிரோடு இருக்கிறார். இந்த வரியை முதலில் எழுதச் சொன்னதே அவர்தான். "அதை மேல எழுது, இல்லன்னா அவன் பாதிப் படிக்கும்போதே மயங்கி விழுவான்" என்றார்.

ஆனால் அத்தையின் நுரையீரல் பழையபடி இல்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு குழாய், மூக்கில் இரண்டு சின்ன முனை. நாளில் முக்கால்வாசி நேரம் அதோடுதான் இருக்கிறார். மாதம் ஒருமுறை நீங்கள் போன் செய்யும்போது இரண்டே நிமிடத்தில் வைத்துவிடுகிறாரே, மூச்சு வாங்குவது உங்கள் காதில் விழக்கூடாது என்றுதான்.

இங்கே தினமும் பதினொரு மணிக்குப் போகும் கரண்ட் ஒன்றரைக்கு வருகிறது. கரண்ட் போனதும் இயந்திரம் நிற்கிறது. அத்தை பேச்சை நிறுத்திவிடுகிறார். அத்தை பேசாமல் உட்கார்ந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி கொடுத்த சிலிண்டர் ஒன்று இருக்கிறது. அதைத் தினமும் திறந்தால் அவசரத்துக்கு இருக்காது.

பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் வந்த வழியே திரும்பி வரும். சோலார் பேனல் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறீர்களாம். அதை வீட்டில் கையால் செய்ய முடியுமா? முடியுமென்றால் ஒரு தையல்காரிக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் மௌனமாக இருப்போம். கடிதமென்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்

பிப்ரவரி 24

உனக்கு,

அம்மா போனைச் சீக்கிரம் வைப்பது என் மேல் உள்ள கோபம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எழுதியதற்கு நன்றி.

முடியும். மூலை உடைந்தது, நிறம் மங்கியது என்று தொழிற்சாலை ஒதுக்கும் சோலார் செல்கள் உண்டு. கேட்டால் எங்களுக்குக் கொடுப்பார்கள். நூற்று எண்பது அனுப்புகிறேன். பணம் அனுப்பாதே என்றாய், செல் அனுப்பாதே என்று சொல்லவில்லை.

ஒரு செல் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. வெங்காயத் தோல் மாதிரி, அழுத்தினால் போச்சு. முன்பக்கம் மைனஸ், பின்பக்கம் பிளஸ். தகரம் பூசிய செம்பு நாடாவும் அனுப்புகிறேன். நாடாவை ஒரு செல்லின் முகத்தில் பற்றவைத்து, மீதியை அடுத்த செல்லின் முதுகில் பற்றவை. மேலே குத்திய ஊசியை அடுத்த துணியின் அடியில் எடுப்பாய் அல்லவா, அதேதான். முப்பத்தாறு செல் சேர்ந்தால் ஒரு பேனல். அம்மாவின் இயந்திரத்துக்கு நாலு பேனல், இரண்டு பெரிய பேட்டரி, ஓர் இன்வர்ட்டர் வேண்டும். படம் போட்டு ஒன்பது தாள் வைத்திருக்கிறேன்.

இரண்டு விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கப் போகிறேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லாமல் எதையும் இணைக்காதே. கடைசி இணைப்பை ஓர் எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் இயந்திரத்தைப் போடாதே. நெருப்புக்கு உறவு தெரியாது.

அம்மாவின் மகன்

மார்ச் 20

வணக்கம்.

பெட்டி வந்தது. பதினான்கு செல் உடைந்திருந்தது, மீதி முழுசு. ஒவ்வொரு செல்லுக்கும் நடுவில் தாள் வைத்துச் சுற்றியிருந்தீர்கள். வீட்டில் ஒரு தம்ளரைக்கூட ஒழுங்காக வைக்காத ஆள் செய்த வேலையா இது என்று அத்தையிடம் காட்டினேன்.

பகலில் துணி வெட்டும் மேசை, மாலையில் பேனல் மேசை. பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது. ஆனாலும் கை இதற்குத்தான் ஓடுகிறது. முதல் நாள் ஐந்து செல் உடைத்தேன். இரண்டாம் நாள் இரண்டு. அப்புறம் உடையவில்லை. சூடு வைத்து நாடாவை இழுக்கும்போது ஈயம் பளபளவென்று ஓடி நிற்கிறதே, அது நல்ல தையல் விழுகிற மாதிரியே இருக்கிறது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நாடா வெட்டிக் கொடுக்கிறார். "இந்த வயசுல என்னை ஃபேக்டரி வேலைக்குச் சேர்த்துட்டியே" என்கிறார்.

இன்று முதல் பேனலை முடித்து, செல்களைப் பசை ஊற்றி மூடும் முன் நீங்கள் சொன்னபடி வெயிலில் வைத்து, வோல்ட் மீட்டரால் தொட்டேன்.

பூஜ்யம்.

மூன்று தடவை தொட்டேன். மூன்று தடவையும் பூஜ்யம். பதினோரு நாள் வேலை. என்ன தப்பு செய்தேன்?

அத்தையின் மருமகள்

ஏப்ரல் 2

உனக்கு,

கடைசி வரியில் மை கலைந்திருந்தது. அழாதே. பத்து வருட அனுபவம் உள்ளவர்கள் கையிலும் வாரத்துக்கு ஒன்று இப்படிப் பூஜ்யம் காட்டும். முப்பத்தைந்து இணைப்பில் ஒன்று மட்டும் ஒட்டாமல் நின்றால்கூட மீட்டர் பூஜ்யம்தான் சொல்லும். அதனால் நீ செய்ததெல்லாம் தப்பு என்று அர்த்தமில்லை.

வெயிலிலேயே வைத்துப் பாதியாகப் பிரித்துப் பார். முதல் பதினெட்டின் இரு முனையில் மீட்டரை வை. ஏறக்குறைய பத்து வோல்ட் காட்டினால் அந்தப் பாதி நல்லது. கோளாறு மற்ற பாதியில். அதையும் பாதியாக்கு. ஐந்தாறு முறையில் பிடித்துவிடுவாய். தொட்டால் லேசாக ஆடும் நாடாதான் குற்றவாளி.

உன் கேள்விக்கு உடனே பதில் எழுதும் வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி. சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

அம்மாவின் மகன்

ஏப்ரல் 28

அன்புடையீர்,

இருபத்து மூன்றாவது செல்! முதுகுப் பக்கம் நாடா ஒட்டின மாதிரி நடித்துக்கொண்டிருந்தது. மறுபடி சூடு வைத்தேன். இருபத்தொரு வோல்ட். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு பஸ் கண்டக்டர் ஓடி வந்துவிட்டார்.

இரண்டு பேனல் முடித்துப் பின்கட்டுத் தாழ்வாரக் கூரையில் ஏற்றியாகிவிட்டது. நாலு படி ஏறினால் கைக்கு எட்டும் உயரம். பேட்டரியும் இன்வர்ட்டரும் என் தையல் பணத்தில் வாங்கினேன். எலெக்ட்ரீஷியன் வந்து ஃபியூஸ் எல்லாம் பார்த்தார். "யாரும்மா செஞ்சது?" என்றார். "நான்தான்" என்றேன். என்னைப் பார்த்தார், தையல் மெஷினைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "சரி, நம்பறேன்" என்றார்.

நேற்றுப் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. இயந்திரம் நிற்கவில்லை. அத்தை குழாயைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன நிக்க மாட்டேங்குது?" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் விடாமல் பேசினார். முழுக்க என் சமையலைப் பற்றிய புகார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு பேனலுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தாங்கியது. மீதி இரண்டும் செய்தாக வேண்டும்.

ஒரு கேள்வி. பேனல் சம்பந்தப்பட்டதல்ல. பதில் சொல்ல விருப்பமில்லாவிட்டாலும் பேனல் பதிலை நிறுத்திவிடாதீர்கள். நாலு வருடம் முன்பு நீங்கள் கிளம்பிய அன்று காலையில், "வேலை கிடைச்சிருக்கு, சாயங்காலம் கிளம்பறேன்" என்று ஒரே வரியில் சொன்னீர்கள். "இப்படிப் போறதா இருந்தா அப்படியே போங்க" என்றேன், அப்படியே போனீர்கள். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?

அத்தையின் மருமகள்

மே 15

அன்புள்ள உனக்கு,

இந்தக் கடிதத்தை ஆறு தடவை கிழித்தேன்.

நான் வேலை பார்த்த ரிப்பேர்க் கடையை மூடி அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தினமும் கிளம்பி, நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கேதான் சோலார் பற்றிய புத்தகம் கண்ணில் பட்டது. சம்பளம் என்று வீட்டுக்குக் கொடுத்தது என் கைக்கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் விற்ற பணம். வண்டியை நண்பன் கேட்டு வாங்கிப் போனான் என்று சொன்னேனே, அது பொய். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று வருவேன். நீ தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருப்பாய். உன் பாரத்தில் இன்னொன்றை ஏற்ற வாய் வரவில்லை. வேலை கிடைத்ததும், சொல்லாத ஏழு மாதத்தையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வரி மட்டும் சொன்னேன்.

நீ விரட்டியதால் நான் போகவில்லை. இத்தனை வருடம் அப்படி நினைத்திருந்தால், அது என்னுடைய தப்பு.

நாடா தீர்ந்திருக்கும், இன்னொரு சுருள் அனுப்பியிருக்கிறேன்.

நான்

ஜூன் 11

உங்களுக்கு,

ஒரு வாரம் பேனா எடுக்கவில்லை. கோபம்தான். ஏழு மாதம் சாப்பாடு கட்டிக் கொடுத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தலை நிமிராமல் தைத்தேன் என்கிறீர்கள். கூப்பிட்டிருந்தால் நிமிர்ந்திருப்பேன்.

அதற்கப்புறம் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான்தான் துரத்திவிட்டேன் என்ற எண்ணம் நெஞ்சில் ஒரு கல்லாகக் கிடந்தது. நேர்மையாக எழுதி அதை எடுத்துவிட்டீர்கள். நன்றி. இதை மனதாரச் சொல்கிறேன்.

இனி பேனல். நாலும் முடிந்தது! ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம், நல்ல வெயிலில், மின்சாரம் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. இணைப்பெல்லாம் சோதித்துவிட்டுக் கடைசியில் கூரையைப் பார்த்தால், மூன்றாவது பேனல் மேல் அத்தையின் போர்வை காய்கிறது. "நல்லா சூடா இருக்கும்மா, அரை மணியில காஞ்சிருச்சு" என்கிறார். திட்ட வாயெடுத்தவள் நிறுத்திவிட்டேன். போர்வையைத் தூக்கிக்கொண்டு அத்தை தனியாக நாலு படி ஏறியிருக்கிறார்! ஜனவரியில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வரவே இரண்டு தடவை உட்கார்ந்தவர்.

ஒரு போர்வைக்கா இவ்வளவு குறையும்?

அத்தையின் மருமகள்

ஜூலை 6

அன்புள்ள உனக்கு,

குறையும். செல்களெல்லாம் ஒரே வரிசையில் கைகோத்து நிற்கிறவை. ஒருத்தன் நிழலில் படுத்தால் வரிசையே படுத்துவிடும். மூடின செல் சூடேறிக் கருகவும் செய்யும். அம்மாவிடம் சொல், போர்வைக்குத் தனிக் கயிறு கட்டச் சொல். நாலு படி ஏறினார் என்ற வரியைத் தொழிற்சாலை விடுதியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். வெல்டர் ஒருவர் கைதட்டினார்.

இந்த முறை நான் ஒரு கேள்வி கேட்கலாமா? டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கலாம், நீட்டிக்காமலும் இருக்கலாம். நான் வீட்டுக்குத் திரும்பி வரட்டுமா? அம்மாவைப் பார்க்க மட்டும் இல்லை. பழையபடி.

எந்தப் பதிலாக இருந்தாலும் எழுது.

நான்

ஆகஸ்ட் 19

அன்புள்ள உங்களுக்கு,

பதில் தாமதமானதற்கு ஒரு காரணம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர். அது வெடித்து முழுசாக இரண்டு நாள் கரண்ட் இல்லை. இரண்டு நாளும் பகலெல்லாம் அத்தையின் இயந்திரம் நம் பேனலில்தான் ஓடியது. சிலிண்டரை இரவுக்கு மட்டும் திறந்தேன், மிச்சம்கூட இருந்தது. போன் சார்ஜ் போடத் தெருவே வந்துவிட்டது. "ஆளுக்கு அஞ்சு நிமிஷம் எங்கிட்ட பேசிட்டுத்தான் போகணும்" என்று அத்தை சட்டம் போட்டார். டாக்டர் பார்க்க வந்து கூரையை அண்ணாந்து நின்றார். "யார் செஞ்சு கொடுத்தது?" என்றதற்கு அத்தை சொன்னார்: "அவன் அனுப்பினான், இவ தைச்சா, நான் மூச்சு இழுக்கறேன்."

தாமதத்துக்கு இன்னொரு காரணம் உங்கள் கேள்வி.

பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் கேட்டதற்கெல்லாம் "ம்" என்பீர்கள். இந்த ஆறு மாதத்தில் நான் கேட்ட ஒரு கேள்விகூடப் பதில் இல்லாமல் திரும்பவில்லை. உங்களை இவ்வளவு எனக்குப் பிடித்தது இதற்கு முன் இல்லை. அதனால்தான் யோசித்தேன். பழையபடி என்று எழுதியிருக்கிறீர்கள். பழையபடி என்றால் எனக்குப் பயம். இந்த நாலு வருடத்தில் தனியாக நிற்கப் பழகிவிட்டேன். நன்றியை வைத்துக்கொண்டு மறுபடி ஒரு கல்யாணத்தை நடத்த எனக்குத் தெரியவில்லை. நன்றியை நன்றியாகவே வைத்துக்கொள்ள ஆசை.

இத்தோடு விவாகரத்துப் பத்திரம் வைத்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு கோபத்தில் வாங்கி, அனுப்ப மனசில்லாமல் வைத்திருந்தது. இப்போது கோபமில்லாமல் அனுப்புகிறேன். உங்களுக்குச் சம்மதமென்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

அத்தையிடம்தான் முதலில் சொன்னேன். என்னை ஒதுக்கிவிடுவாரோ என்று பயந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு சொன்னார்: "கையெழுத்து உங்க ரெண்டு பேருக்குந்தான். எனக்கும் உனக்கும் நடுவுல எந்தப் பேப்பரும் கிடையாது."

டிசம்பரில் கட்டாயம் வாருங்கள். உங்கள் அம்மா வீட்டுக்கு வர யாரையும் கேட்க வேண்டியதில்லை. முன்னறை உங்களுக்கு. வந்து நான் செய்த வேலையில் குறை கண்டுபிடியுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தோழி

செப்டம்பர் 7

அன்புள்ள தோழிக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். வருத்தமில்லை என்று எழுதினால் அது மறுபடி ஒரு பொய். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று புரிந்தது. நீ என்னை மறுக்கவில்லை, "ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவனைத்தான் மறுத்திருக்கிறாய். அவனை எனக்கும் பிடிக்கவில்லை.

நேற்று அம்மா போன் செய்தார். நாற்பது நிமிடம் பேசினார். எனக்குக் காது வலித்தது. கடைசியில் நான்தான் ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு என்று வைத்தேன். அந்த நாற்பது நிமிடத்துக்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 12 வருகிறேன். இந்த முறை மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், கவனித்தாயா?

ஓர் உதவி. என் நல்ல சட்டையின் காலர் விளிம்பு நைந்துவிட்டது. பிரித்து, திருப்பி வைத்துத் தைத்தால் புதுசாகிவிடும் என்று வெல்டர் சொல்கிறார். எங்கே பிரிக்க வேண்டும், எங்கிருந்து தையல் தொடங்க வேண்டும் என்று தெரியவில்லை. ஊசியும் நூலும் வாங்கி வைத்திருக்கிறேன். படம் போட்டு எழுது. நாடா பற்றவைக்க மட்டும் தெரிந்தவனுக்குப் புரிகிற மாதிரி.

அன்புடன்,
உன் தோழன்