மூடியதாகச் சொன்ன வால்வு

நியூ பிளிமத்,
நியூசிலாந்து, ஜூன் 19

ஹேமி அண்ணாவுக்கு,

நேற்று அம்மா போனை என் காதில் வைத்து அழுத்தினாள். நீ "என்னடி சுண்டெலி, உயிரோடதான் இருக்கியா?" என்றாய். நான் "ம்" என்றேன். நீ சிரித்தாய். எனக்குப் போனில் கோபப்பட வராது. நேரிலும் வராது. தாளில் மட்டும்தான் வரும். அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

துறைமுகப் பெட்ரோல் கிடங்கில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். போன வாரம் ஒரு ராத்திரி கப்பலிலிருந்து பெட்ரோல் இறக்கும்போது கடற்கரை வரிசையில் ஒரு தொட்டி நிரம்பி வழிந்தது. அந்தத் தொட்டிக்கு அன்று ஒரு சொட்டும் போயிருக்கக் கூடாது. அது ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்திருந்தது, அதன் வால்வு மூடியிருந்தது. மூடியிருந்ததாகத் திரை சொன்னது. கன்ட்ரோல் ரூமில் அந்தத் திரை முன்னால் இருந்தவர் ட்ரூடி ஆன்ட்டி. வாடை வந்ததும் வெளியே ஓடி, அந்த ஆவிக்குள் நின்றபடியே சக்கரத்தைச் சுற்றி வால்வை மூடினார். மூடிவிட்டு அங்கேயே விழுந்தார். ஒரு பொறி போதும் அண்ணா, துறைமுகமே இருந்திருக்காது. இப்போது ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடக்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோரும் "இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வருமா?" என்று கேட்டபோது, "அவ வேலைக்கு வந்திருக்கா, கச்சேரிக்கு இல்ல, போங்கடா" என்று விரட்டியவர் அவர்தான். உனக்கு மறந்திருக்கும்.

இப்போது கிடங்கு மேலாளர் மர்ரே சொல்வதைக் கேள். "திரையில மூடினதுன்னு பதிவு இருக்கு. அப்ப வால்வு மூடித்தான் இருந்திருக்கு. ட்ரூடிதான் வேற ஏதோ பாதையத் திறந்து விட்டிருக்கா." ஆன்ட்டி குழாயோடு திரும்பத் திரும்பச் சொல்கிறாராம்: "நான் சுத்தினேன், சக்கரம் சுத்துச்சு. மூடின வால்வு எப்படிய்யா சுத்தும்?" பார்த்தவர்கள் யாரும் இல்லை. வால்வு திறந்ததா மூடியதா என்று திரைக்குச் சொல்லும் அந்த வரிசைப் பெட்டிகளையெல்லாம் மறுநாள் காலையிலேயே கழற்றிப் புதியவை மாட்டிவிட்டார்கள். இனி எதைச் சோதிப்பது? அவரை வேலையிலிருந்து நீக்கப்போகிறார்கள்.

திரை ஏன் பொய் சொன்னது என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

நாம் மாட்டிய கம்பியில்லாப் பெட்டி ஒவ்வொன்றையும் எப்படிப் பழக்க வேண்டும் என்பது உனக்கு மனப்பாடம். வால்வின் தலையில் மாட்ட வேண்டும். இனிச் சுற்றவே முடியாது என்கிற வரை சக்கரத்தை மூட வேண்டும். அங்கே பொத்தானை அழுத்தினால் 'மூடிய நிலை இது' என்று பெட்டி பதிந்துகொள்ளும். பிறகு முழுக்கத் திறந்து, அங்கேயும் அழுத்த வேண்டும். கடைசியாகப் பாதியில் நிறுத்தி, திரையும் பாதி காட்டுகிறதா என்று கன்ட்ரோல் ரூமில் கேட்க வேண்டும். பெட்டிக்குக் கண் கிடையாது. நாம் எதை மூடியது என்று சொல்கிறோமோ அதைத்தான் நம்பும்.

ஏப்ரலில் அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை மழை கடலிலிருந்து படுக்கையாக அடித்தது. பெட்டி மாட்டக் கடற்கரை வரிசை மட்டும் மிச்சம். உனக்கு மறுநாள் ஆஸ்திரேலியாவுக்கு விமானம், சாயங்காலம் ரக்பி கிளப்பில் உனக்கு விருந்து. நீ பக்கத்து வரிசைப் பெட்டி ஒன்றின் அளவைக் கைக்கருவியில் எடுத்து, கடற்கரை வரிசைப் பெட்டிகள் எல்லாவற்றிலும் அப்படியே ஏற்றினாய். ஒரு சக்கரத்தையும் தொடவில்லை. நான் சொன்னேன்: "அண்ணா, இதெல்லாம் பழைய வால்வு. இறுகின மாதிரி தெரியும், அப்புறமும் கொஞ்சம் சுத்தும். அளவு வேற." நீ "வால்வுன்னா வால்வுதான், ஏறு வண்டியில" என்றாய். நான் ஏறினேன்.

அதற்குப் பிறகு யாரோ அந்த வால்வை மூடியிருக்கிறார்கள். திரை 'மூடியது' என்றதும் கையை எடுத்திருக்கிறார்கள். உள்ளே இரண்டு விரல் இடைவெளி. அந்த வழியாகத்தான் இரவு முழுக்கப் பெட்ரோல் ஏறியது.

மர்ரேவைக் கூப்பிட்டுச் சொல். இதைத் தவிர எனக்கு எதுவும் வேண்டாம்.

ரேவா

*

கராத்தா,
ஆஸ்திரேலியா, ஜூன் 30

என் அருமை சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை எங்கள் தொழிலாளர் முகாமில் எல்லோரும் பார்த்தார்கள். "யாருடா உனக்குத் தபால் போடுறது, போன நூற்றாண்டுல இருந்து?" என்று ஒரே கேலி. என் தங்கச்சி என்று பெருமையாகச் சொன்னேன். நீ இவ்வளவு நீளமாகப் பேசுவாய் என்று எனக்கே தெரியாது.

இங்கே குளிர்காலம் என்கிறார்கள். நான் சட்டை இல்லாமல் திரிகிறேன். சாப்பாடு பரவாயில்லை. ஆனால் அம்மா வைக்கும் பன்றி எலும்பும் வாட்டர்கிரெஸ் கீரையும் நினைத்தால் நாக்கு ஊறுகிறது. மாவு உருண்டை போட்டாளா என்று கேட்டு எழுது.

ட்ரூடிக்கு இப்படி ஆனது எனக்கும் வருத்தம்தான். நல்ல மனுஷி. ஆனால் ரேவா, ஒரு தொட்டி வழிவதற்கு நூறு காரணம் இருக்கும். அந்த வெள்ளிக்கிழமை பற்றி எனக்கு நினைவிருப்பது மழையும், நீ குளிரில் பல் தட்டியதும், வண்டியில் உனக்கு என் ஜாக்கெட்டைப் போர்த்தியதும்தான். இத்தனை பெட்டி மாட்டிய பிறகு எது எந்த வரிசை என்று யாருக்கு நினைவிருக்கும்?

நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உன்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். பயிற்சிப் பெண்மேல் பழி போட்டால் அவர்களுக்குத்தான் அசிங்கம். பிப்பிச் சிப்பி கிடைக்கிற காலமாயிற்றே, அம்மாவோடு கடற்கரைக்குப் போய்த் தோண்டு. கொஞ்சம் வெளிக்காற்று வாங்கு.

உன் அண்ணன்,
ஹேமி

*

நியூ பிளிமத்,
ஜூலை 9

ஹேமி,

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை.

பிப்பி தோண்டச் சொல்கிறாய். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆன்ட்டி எழுந்து உட்கார்ந்திருந்தார். நாலு வார்த்தை பேசினால் ஒரு இருமல். அவருடைய புருஷன் என்னை வாசலுக்குக் கூட்டி வந்து கேட்டார்: "கண்ணு, நீயும் அங்கதானே வேலை பாக்குற. அவ தப்பா திறந்திருப்பாளா? நான் அவகிட்டக் கேக்க முடியாது, என்னைக் கொன்னுடுவா. நீ சொல்லு." அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கட்டின புருஷனுக்கே சந்தேகம் வந்துவிட்டது, பார். இது நீ செய்தது.

உனக்கு நினைவில்லை என்கிறாய். சரி, நான் நினைவுபடுத்துகிறேன். அன்று கிளப்பில் நீ நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னாய்: "ஒரு வரிசைய உட்கார்ந்த இடத்துலயே முடிச்சேன், அதுதான்டா மூளை." எல்லோரும் கை தட்டினார்கள். அதில் மர்ரேவின் ஆட்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் இப்போது நினைவில்லையாம். என்ன ஊர் இது? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மறதி வந்துவிட்டது.

ஜாக்கெட் போர்த்தியதைச் சொல்லிக் காட்டாதே. அது எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன்.

விசாரணை இந்த மாதம் இருபத்தாறாம் தேதி. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் நீ சொல். நீ சொன்னால் அவர்கள் கேட்பார்கள். உனக்குச் சான்றிதழ் இருக்கிறது, தாடி இருக்கிறது, உரக்கப் பேச வரும். பத்தாவதோடு நின்ற நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

ரேவா

பி.கு.: மாவு உருண்டை போட்டாள். நான் சாப்பிடவில்லை.

*

கராத்தா,
ஜூலை 18

அன்புள்ள ரேவாவுக்கு,

கோபத்தில் எழுதினதை எல்லாம் நான் கணக்கில் வைக்கவில்லை. நீ என் தங்கை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உனக்கு ஒரு சேதி. இன்னும் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஷானி உண்டாகியிருக்கிறாள், நான் அப்பா ஆகப்போகிறேன். அடுத்த மாதம் என்னை இங்கே நிரந்தரம் ஆக்குகிறார்கள். இந்த ஊர் ஆட்களுக்கு ஒரு சின்னப் புகார் வந்தால் போதும், ஆளை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பிறகு எந்த ஆலையும் என்னைச் சேர்க்காது. எனக்கு இந்த வேலையைத் தவிர வேறென்ன தெரியும், சொல்.

ட்ரூடிக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. அவளுடைய புருஷனுக்கு மீன்பிடிப் படகு இருக்கிறது. அவர்கள் பட்டினி கிடக்கப்போவதில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, யோசித்துத்தான் சொல்கிறேன்.

மர்ரேவோடு நேற்றுப் பேசினேன். உன்னைக் கடுமையாக எதுவும் கேட்க மாட்டார்கள். வேலையெல்லாம் முறையாக நடந்ததா என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். நீ பொய் சொல்ல வேண்டாம். எதுவுமே சொல்ல வேண்டாம். வழக்கம்போல் தலையைக் குனிந்து உட்கார். அது உனக்கு நன்றாக வருமே.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது உனக்கு நல்ல மழைக்கோட்டு வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
ஹேமி

*

நியூ பிளிமத்,
ஜூலை 28

ஹேமிக்கு,

உன் கடிதம் விசாரணைக்கு முந்தின நாள் வந்தது. 'அது உனக்கு நன்றாக வருமே' என்ற வரியைப் படித்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்பா இறந்தபோது நான் பேசவில்லை, பள்ளிக்கூடத்தில் என்னை ஊமை என்றபோது பேசவில்லை, படிப்பே வேண்டாம் என்று நின்றபோதும் காரணம் சொல்லவில்லை. இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நீ ஒருவன்தான். அதையே எடுத்து என்மேல் பூட்டுப் போடுகிறாய்.

என்ன நடந்தது என்று வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்குள் நானே சொல்கிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மர்ரேவும் தலைமை அலுவலகத்துப் பெண் ஒருத்தியும். இந்தப் பக்கம் ட்ரூடி ஆன்ட்டி, தொழிற்சங்கத்து ஆள், ஓரத்தில் நான். மர்ரே பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"பயப்படாத ரேவா. நீ பேசக்கூட வேணாம். பெட்டியெல்லாம் முறைப்படிதானே மாட்டினீங்க? தலைய ஆட்டு, போதும்."

நான் "இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா?"

"இல்லன்னு சொன்னேன். கடற்கரை வரிசைல சக்கரத்தச் சுத்தவே இல்ல. வேற வால்வோட அளவ ஏத்தினோம்."

"யாரு ஏத்தினது?"

"எங்கண்ணன். நான் பக்கத்துல கைக்கருவிக்குக் குடை புடிச்சுக்கிட்டு நின்னேன்."

தலைமை அலுவலகத்துப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். மர்ரே பிஸ்கட் தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

ட்ரூடி ஆன்ட்டி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார் என்று நினைக்கிறாயா? எழுந்து என் முன்னால் வந்து நின்றார். "ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டில்ல உக்காந்து திராட்சை உரிச்சுக் குடுத்தியே. அப்பவும் உனக்குத் தெரியும். ஏண்டி வாயத் தொறக்கல? பைத்தியம் புடிச்சிருச்சோன்னு நான் என்னையே சந்தேகப்பட்டேன்டி." அதற்குள் இருமல் வந்துவிட்டது. நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

மர்ரே கடைசியில் சொன்னார்: "ஒரு அப்ரண்டிஸ் சொல்றத மட்டும் வச்சு முடிவெடுக்க முடியாது. ஹேமிகிட்டக் கேக்கணும். அவன் அப்படி எதுவும் நடக்கலைன்னு சொன்னா, அதோட முடிஞ்சுது."

ஆகவே உன்னைக் கூப்பிடுவார்கள். ஆன்ட்டியின் வேலை உன் வாயில் இருக்கிறது. எனக்காக எதுவும் செய்ய வேண்டாம். அங்கே நடந்ததைச் சொல், அவ்வளவுதான். ஷானியைக் கேட்டதாகச் சொல். குழந்தை விஷயம் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

ரேவா

*

நியூ பிளிமத்,
ஆகஸ்ட் 21

ஹேமிக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லாமல் போய்விட்டது. நீ சொன்னதை மர்ரே எனக்கு வாசித்துக் காட்டினார்.

கடற்கரை வரிசையில் அளவை ஏற்றியது உண்மைதானாம். ஆனால் ஏற்றியது நானாம். நீ வண்டியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தபோது, மழைக்குப் பயந்து, உன்னிடம் கேட்காமல் நான் செய்துவிட்டேனாம். விளையாட்டுப் பிள்ளை, தண்டிக்க வேண்டாம் என்று எனக்காகப் பரிந்தும் பேசினாயாம். வாசித்து முடித்ததும் மர்ரே கேட்டார், "இதுக்கு என்ன சொல்ற?" நான் சொன்னேன்: "பொய். அவன் பொய் சொல்றான்." இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உன்னைத்தான் நம்பினார்கள். என் பயிற்சி ரத்து. வெள்ளிக்கிழமை தலைக்கவசத்தையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுத்தேன். உன் கடிதங்களை மர்ரேவிடம் காட்டச் சொன்னாள் அம்மா. எடுத்துப் பார்த்தேன். ஒரு வரியிலாவது நீ ஒப்புக்கொண்டிருக்க வேண்டுமே. கெட்டிக்காரன்.

ஒரேயடியாக மறுத்தால் நான் மேலும் பேசுவேன் என்று பயந்திருப்பாய். ஆனால் ஒன்றை நீ யோசிக்கவில்லை. என்மேல் பழி போட வேண்டுமென்றால், அளவை ஏற்றியது நடந்தது என்று நீ ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நடக்கவே இல்லை என்று நீ சொல்லியிருந்தால் ஆன்ட்டியின் வேலை போயிருக்கும். ஏற்றியது நீயா நானா என்பது அவர் விஷயத்தில் முக்கியமே இல்லை. திரை பொய் சொன்னது, வால்வு திறந்திருந்தது, சக்கரம் சுற்றியது. அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்புகிறார். உன்னைக் காப்பாற்றிக்கொள்ள நீ சொன்ன பொய்தான் அவரைக் காப்பாற்றியது. இதற்கு நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே.

ஆன்ட்டி இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் அவருடைய புருஷன் நேற்று எங்கள் வாசலில் ஒரு வாளி மீனை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போனார்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நான்தான் சொன்னேன், எழுதிக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். அவள் மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிவில், "அவன் இனி போன் பண்ணினா நான் உன் காதுல வைக்க மாட்டேன்" என்றாள்.

எனக்கு இனிக் கடிதம் போடாதே, நானும் போட மாட்டேன். என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் இங்கே வா, எதிரில் நின்று சொல். நான் பதில் பேசுவேன்.

ரேவா