மேட்டுக்கல் தோட்டத்தில் ஒரு ஓட்டு

கச்சால் தீவு, நிக்கோபார்
18-1-1970

என் கண்ணான மகள் செல்லத்துக்கு,

அப்பாவும் அம்மாவும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை சண்முகமும் பேத்தி ஜெயமணியும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் போன கப்பலில் வந்தது. இங்கே அரிசி, உப்பு, கடிதம் எல்லாமே கப்பலில்தான். கடல் முரண்டு பிடித்தால் ஒன்றும் இல்லை. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய கையால் இப்போது காடு வெட்டி ரப்பர் கன்று நடுகிறேன். பால் வர ஆறேழு வருஷமாம். மேஸ்திரி வங்காளி, எதற்கெடுத்தாலும் "ஜல்தி, ஜல்தி" என்பான். அவன் இந்தியில் திட்ட, நான் தமிழில் திட்ட, பொழுது நன்றாகவே போகிறது. அம்மாவுக்குத்தான் மணல் ஈ கடித்துக் காலெல்லாம் புண்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வரப் போவதாக எழுதியிருக்கிறாய். படித்ததும் கோபம் வந்தது, மறைப்பானேன். சங்கத் தலைவனாக இருந்தேன் என்று துரை என் பேரை வேலையாட்கள் பதிவான செக்ரோலிலிருந்து வெட்டினான். பிழைக்க வழியில்லாமல்தான் நானும் அம்மாவும் இந்தியாவுக்கு எழுதினோம். நீங்கள் சிலோனுக்கு எழுத வேண்டும் என்று அன்றைக்கே பேசி வைத்ததுதானே? எந்த அரசாங்கம் எப்படிப் புரண்டாலும் குடும்பத்துக்கு ஒரு கால் ஊன்ற அங்கேயும் இடம் இருக்க வேண்டும்.

இந்த வருஷம் எலெக்ஷன். நம் தோழர்கள் இருக்கிற கூட்டணிதான் வரும். வந்தால் முதல் வேலை நம் ஜனங்களின் பிரஜாவுரிமை. தோழர் கிருஷ்ணமூர்த்தி பதுளையில் மேடையிலேயே சொன்னார், நீயும் கேட்டாய். அப்புறம் நானே திரும்பி வந்துவிடுவேன். காட்டை வெட்டிக்கொண்டு இங்கேயே சாகவா பிறந்தேன்?

பொறுமையாக இரு. ஜெயமணிக்கு முத்தம்.

உன் அப்பா,
ராஜமாணிக்கம்

*

மேட்டுக்கல் தோட்டம், பதுளை
2-3-1970

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செல்லம் வணக்கம் சொல்லி எழுதுவது,

அம்மாவின் காலுக்கு வேப்பெண்ணெய் கிடைக்காதா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். இங்கே பனி விட்டபாடில்லை. ஜெயமணிக்கு நாலு வயசு முடிந்துவிட்டது. தாத்தா எங்கே என்று கேட்டால் மலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறாள்.

அப்பா, கோபப்படாமல் படியுங்கள். நம் லயத்து வரிசை வீடுகளில் பாதிக் காம்பரா காலி. போனவர்கள் எல்லாம் பயணம் சொல்லிவிட்டு அழுதுகொண்டுதான் ரயில் ஏறினார்கள். ஆனால் புருஷன், பெண்டாட்டி, பெற்றவர்கள் என்று சேர்ந்து போனார்கள். நாங்கள் மட்டும் யாருக்காகப் பிரிந்து இருக்கிறோம் என்று அவர் கேட்கிறார். டவுனுக்குப் போனால் கள்ளத்தோணி என்று ஏசுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடலாம். அம்மா இல்லாமல் இருக்கத்தான் முடியவில்லை.

ஏப்ரல் கடைசியோடு பாரம் வாங்குவதை நிறுத்துகிறார்கள். இந்தியாவுக்கு ஒன்று, சிலோனுக்கு ஒன்று என்று இரண்டு பாரமும் பெட்டியில் இருக்கிறது. அவர் முடிவை என்னிடம் விட்டுவிட்டார், நான் உங்கள் முடிவு என்று சொல்கிறேன். கட்சியை விடுங்கள். மகளாகக் கேட்கிறேன். வரவா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் மகள்,
செல்லம்

*

கச்சால்
28-3-1970

செல்லம்,

படகுத்துறையில் கப்பல் நிற்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். சிலோன் பாரத்திலேயே கையெழுத்துப் போடு. எலெக்ஷனுக்கு இன்னும் எத்தனை நாள்? கரை தெரிகிறபோது துடுப்பைப் போட்டுவிடாதே. எல்லாரும் ஓடிவிட்டால் நாளைக்கு ஓட்டுரிமை வந்து யாருக்கு?

அம்மா அழுகிறாள். அவள் எப்போதும் அழுவாள், நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

அப்பா

*

கச்சால்
12-6-1970

வெற்றி மகளே, வெற்றி!

மேஸ்திரியின் ரேடியோவில் இலங்கை வானொலி இரைச்சலுக்கு நடுவே கேட்டேன். நான் சொன்னேனா இல்லையா? என்னோடு வந்த நம் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் காட்டு வேலையைப் போட்டுவிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். சீனி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். நிக்கோபாரி ஒருவர் ஓர் இளநீர்க் குலையே கொண்டுவந்து போட்டார். எங்கள் நாட்டில் யார் ஜெயித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது, நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

இங்கே குடும்பத்துக்கு ஒரு வீடும் மனையும் பேர் எழுதிக் கொடுக்கிறார்கள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். திரும்பிப் போகிறவனுக்கு எதற்கு வீடு? அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது.

சிலோனுக்கு எழுதிக் கொடுத்தாய் என்று தெரிந்து நெஞ்சு நிறைந்தது. மாப்பிள்ளைக்கு என் ஆசி.

அப்பா

*

மேட்டுக்கல் தோட்டம்
10-12-1972

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நீங்கள் கேட்டு எழுதியதற்கெல்லாம் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, அதனால்தான். போன வருஷம் கலவரம், ஊரடங்கு. இந்த வருஷம் நாட்டின் பேரையே மாற்றிவிட்டார்கள், குடியரசாம். எங்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இன்னும் ஏறவில்லை. இந்தியாவுக்குப் போகிறவர்களைக் கணக்குப் பார்த்துத்தான் இங்கே இருக்கிறவர்களுக்குக் கொடுப்பார்களாம். அவர்கள் போகப் போக எங்களுக்கு வரும் என்று அரசாங்கக் கச்சேரியில் சொன்னார்கள்.

தோழர் கிருஷ்ணமூர்த்தியைப் பதுளையில் பார்த்தேன். கார் வைத்திருக்கிறார். உங்களைப் பற்றிச் சொன்னேன். "ராஜமாணிக்கமா, நல்ல மனுஷன், பொறுமையா இருக்கச் சொல்லுங்கம்மா" என்றார். நீங்கள் எழுதியதைத்தான் அவரும் சொன்னார்.

வேலை வாரத்துக்கு மூன்று நாள்தான். அம்மாவுக்கு இருமல் என்று எழுதியிருந்தீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். அவள் அழுவாள் என்று விட்டுவிடாதீர்கள்.

செல்லம்

*

மேட்டுக்கல் தோட்டம்
17-3-1974

அப்பாவுக்கு,

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

கூப்பன் மாவு ஒரு வேளைக்குக் காணாது. அரிசியைக் கண்ணால் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. மரவள்ளி இருந்த இடமெல்லாம் தோண்டியாகிவிட்டது. நம் லயத்தில் இரண்டு கிழவர்களும் ஒரு கைக்குழந்தையும் போய்விட்டார்கள். காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். பசிதான். வெள்ளைக்காரத் துரை போய் அரசாங்கத் துரை வரப் போகிறாராம். யார் வந்தாலும் விடிகாலைப் பெரட்டில் வரிசையாக நிற்க எங்களுக்கு உடம்பு இல்லை.

கொழும்பிலிருந்து ஓர் ஆள் லயத்துக்கு வந்து பெரிய வீடுகளில் வேலைக்குப் பிள்ளைகள் கேட்டான். முதலில் விரட்டிவிட்டோம். இரண்டாம் தடவை வந்தபோது ஜெயமணி முற்றத்தில் மண்ணைத் தின்றுகொண்டிருந்தாள். அனுப்பிவிட்டோம் அப்பா. எட்டு வயசு. தலை வாரி, பொட்டு வைத்து, மேட்டுக்கல் தோட்டம், பதுளை என்று சொல்லிக் கொடுத்தேன். "அங்க சோறு தருவாங்களாம்மா?" என்று மட்டும்தான் கேட்டாள். தருவார்கள் என்றேன். அவள் அழவில்லை.

அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டினால் நன்றாக இருக்கும்.

செல்லம்

*

கச்சால்
20-5-1974

என் செல்லமே,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போர்ட் பிளேருக்கே போனேன். அபர்டீன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெய்னுதீன் பாய் ராமநாதபுரத்து மனிதர். கடைக்குள்ளேயே படுக்க இடம் கொடுத்து, ஆபீஸுக்கும் கூட வந்து எனக்காக இந்தியில் பேசினார். ஆபீஸ் பாபு பேரேட்டைப் புரட்டிப் பார்த்தார். "அவங்க சிலோன் எழுதிட்டாங்க. நம்ம லிஸ்ட்ல இல்லை, ஹம் க்யா கரேங்கே, நாங்க என்ன செய்யறது?" என்றார். மெயின்லாண்டுக்கு மனு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இன்னும் அனுப்புவேன்.

இங்கே இரண்டு பேருக்கு மூன்று பேர் சாப்பாடு ரேஷனில் கிடைக்கிறது. மீன் வேறு. அதைச் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறேன். பார்சல் அனுப்பக் கேட்டேன், உணவுப் பொருள் போகாது என்றுவிட்டார்கள்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. பேத்தி பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்கிறாள், போகிறாள் என்கிறேன்.

இது பஞ்சக் காலம். அரசாங்கத்தைச் சுற்றியிருப்பவர்கள் கெடுக்கிறார்கள். நம் தோழர்கள் உள்ளே இருந்து போராடாமல் இருக்க மாட்டார்கள். தைரியத்தை விடாதே.

அப்பா

*

மேட்டுக்கல் தோட்டம்
8-11-1976

அப்பாவுக்கு,

நீங்கள் இத்தனை வருஷமாகக் கேட்ட செய்தி இது. பிரஜாவுரிமைப் பத்திரம் வந்துவிட்டது. கச்சேரியில் நிற்க வைத்து, கையை உயர்த்திச் சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். மூன்று பேரின் பேரும் இருக்கிறது. சண்முகம், செல்லம், ஜெயமணி. இப்போது நாங்கள் இந்த நாட்டு மனிதர்கள்.

அந்தப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனோம், பிள்ளையைக் கூட்டிவர. போன வருஷத் தீபாவளிக்கு அவர் பார்த்தபோது நன்றாக வளர்ந்திருந்தாள், தமிழை மறந்து சிங்களத்தில் பேசினாளாம். இந்தத் தடவை வீட்டு எஜமானி நோனா கதவைப் பாதிதான் திறந்தாள். பிள்ளை மாசி மாதமே ஓடிப்போய்விட்டாளாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு விலாசம் தெரியாது என்றாள். போலீஸில் எழுதிக்கொண்டார்கள். ஒன்பது மாதம் அப்பா. ஒன்பது மாதமாக அவள் எங்கேயோ இருக்கிறாள், நான் இங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா இறந்தபோது காரியத்துக்கு நான் வரவில்லை. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்லம்

*

கச்சால்
3-2-1977

மகளே,

உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு கப்பலை விட்டுவிட்டேன். அம்மா இதைக் கேட்காமல் போனதே நல்லது.

ஆனாலும் சொல்கிறேன், திட்டாமல் கேள். இந்த வருஷம் மறுபடி எலெக்ஷன். உன் கையில் இப்போது ஓட்டு இருக்கிறது. அந்த நாட்டில் நம் பரம்பரையில் உனக்குத்தான் முதலில். என் கையில் அது இருந்திருந்தால் துரை என்னை விரட்டியிருப்பானா? ஓட்டுக் கேட்கிறவன் லயத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்தால் பிள்ளையைக் கேள். தேடிக் கொடு, ஓட்டுத் தருகிறேன் என்று முகத்துக்கு நேரே கேள். இதற்காகத்தானே ஓட்டு? வேறு எதற்கு?

அப்பா

*

கச்சால்
14-9-1977

செல்லம்,

ரேடியோவில் கேட்டேன். தமிழர்களை வெட்டுகிறார்கள், லயங்களைக் கொளுத்துகிறார்கள் என்கிறார்கள். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா?

வந்துவிடுங்கள். மன்னாருக்குப் போய்த் தோணி பிடித்தாவது வாருங்கள். ராமேஸ்வரத்தில் ஜெய்னுதீன் பாயின் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். ரப்பருக்குப் பால் வெட்ட ஆள் வேண்டும் என்று மேனேஜரே சொல்கிறார். கட்சியும் வேண்டாம், எலெக்ஷனும் வேண்டாம். கிழவனுக்கு இங்கே ஒரு வாய் கஞ்சி வைக்க ஆள் இல்லை. நீ வா.

அப்பா

*

மேட்டுக்கல் தோட்டம்
22-10-1977

அப்பாவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். மேல் லயத்தைக் கொளுத்தினார்கள். நாங்கள் தேயிலைக்குள் படுத்துக் கிடந்தோம். அவருக்குக் கையில் வெட்டு, ஆறி வருகிறது.

நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். உங்கள் கட்சிக்காரர் லயத்துக்கு வந்தார். கும்பிட்டார். ஜெயமணி பேரை, வயசை, கொழும்பு வீட்டை எல்லாம் சொன்னேன். சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டார். ஓட்டுப் போட விடியும் முன்பே போய் வரிசையில் நின்றேன். அவருக்கே போட்டேன். உங்களுக்காகவும் போட்டேன். அவர் தோற்றுவிட்டார். ஜெயித்தவர்களின் ஆட்கள் அடுத்த மாதம் நெருப்போடு வந்தார்கள். உங்கள் கட்சிக்காரர் அதன்பின் வரவே இல்லை, அன்றைக்கும் வரவில்லை.

வா என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் அழுதேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்டபோது இந்த வார்த்தை வந்திருந்தால் அம்மாவும் இருந்திருப்பாள், பிள்ளையும் இருந்திருப்பாள். இதைச் சொல்லாமல் இருக்க எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை.

தமிழர் ஊரான வவுனியாவுக்கு லாரி போகிறது. லயத்தில் முக்கால்வாசிப் பேர் ஏறிவிட்டார்கள். உங்கள் மாப்பிள்ளையும் மூட்டை கட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஏறவில்லை. அவரும் மூட்டையை அவிழ்த்துவிட்டார்.

ஜெயமணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழும் போய்விட்டது. இந்தத் தோட்டத்தின் பேரும் பதுளையும்தான் அவளுக்குத் தெரிந்த விலாசம். என்றைக்காவது யாரிடமாவது அதைச் சொல்லிக் கேட்டு அவள் இந்த மேட்டில் ஏறி வருவாள். அப்போது காம்பராவில் வேறு யாராவது இருந்தால் அவள் எங்கே போவாள்?

நீங்கள் ஆசைப்பட்டபடி நான் இந்த நாட்டிலேயே இருக்கிறேன் அப்பா. ஆனால் நீங்கள் சொன்னதற்காக இல்லை. இனி எனக்கு எழுத வேண்டாம். உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் தபால்காரர் கூப்பிட்டால் அவளைப் பற்றித் தகவல் என்று ஓடுகிறேன்.

செல்லம்