வெந்நீர்க் குழாய் மட்டும் சொட்டியது

செல்ல மகள் மாலதிக்கு உன் அம்மா எழுதுவது. இங்கு நானும் உன் அய்யாவும், ஈனப்போகும் செவலைப் பசுவும் ஈசுவரன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கு வதோதராவில் நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் இருந்து உதைத்துக்கொண்டிருக்கும் பெரிய மனிதரும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் கடிதம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த விஷயத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் உன் அய்யா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவார், அப்படி இல்லை இப்படி என்பார், அதனால்தான் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதை ஒளித்து அனுப்புகிறேன். ஆருத்ரா தரிசனத்துக்கு உத்தரகோசமங்கை போயிருந்தோம், நல்ல கூட்டம், நடராஜருக்குச் சாத்திக் களைந்த சந்தனம் கொஞ்சம் கிடைத்தது, அதுவும் பொட்டலமாக உள்ளே இருக்கிறது, தினமும் குளித்துவிட்டு நெற்றியில் வைத்துக்கொள். இந்த வருடம் மழை கடைசியில் கைவிடாமல் பெய்துவிட்டது, மிளகாய்ச் செடி நன்றாகக் காய் பிடித்திருக்கிறது, உன் அய்யா வயலுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டுதான் வருகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பிரசவத்துக்கு இங்கு வருகிறாயா என்று நான் கேட்டபோது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. போன ஐப்பசியிலதான் வழுக்கி விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டே, அந்தக் கையோட அடுப்புல வெந்நீர் போட்டு குண்டான் குண்டானாத் தூக்கி எனக்கும் பிள்ளைக்கும் ஊத்துவே, அத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது, குழாயில வெந்நீர் வந்தா வாரேன், இல்லன்னா இங்கனயே ஆஸ்பத்திரியில பெத்துக்கிறேன் என்றாய். சொன்னதோடு விடாமல் மாப்பிள்ளையிடம் சொல்லி கீசரையும் வாங்கி அனுப்பிவிட்டாய். ஏழாம் மாதம் தாண்டினால் ரயிலில் வர முடியாது, டிக்கெட் போடவா வேண்டாமா, வெந்நீர் நல்லா வருதா என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் குழம்பு அடிப்பிடிக்கிறது, மாடு அவிழ்த்துக்கொண்டது என்று ஏதாவது சொல்லிப் போனை வைத்தேன். இப்போது சொல்கிறேன், உன் கீசர் எங்களை ஒரு பாடு படுத்திவிட்டது. மாட்டிய புதிதில் குளியலறை முழுக்க ஆவி பறக்கக் கொட்டியது, நாளாக ஆக இளைத்து இளைத்து, கடைசியில் ஒரு வாளி நிறைவதற்குள் நான் சோறு வடித்து ரசமும் வைத்துவிடலாம் என்று ஆகிப்போனது. பக்கத்து வீட்டு ராக்கு வந்து பார்த்துவிட்டு, ஏக்கா, இதுக்கு அடுப்புலயே ரெண்டு சுள்ளியப் போட்டுருக்கலாமே என்று சிரித்தாள், எனக்கு வந்த கோபத்தில் அவளுக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை.

பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் சும்மா சீறிக்கொண்டு வருகிறது. அப்படியென்றால் மோட்டாரிலும் குறை இல்லை, மாடி டேங்கிலும் தண்ணீர் இருக்கிறது. குளியலறை, அடுப்படி இரண்டு இடத்திலும் வெந்நீர் மட்டும்தான் சொட்டுகிறது. உன் அய்யா உடனே, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான், பெட்டிக்குள்ள ஓட்டைய சின்னதா வச்சிருக்கான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கீசரை மாட்டிக் கொடுத்த பிளம்பர் பாண்டித்துரையைக் கூப்பிட்டோம். அவன் முதலில் குழாய் வாயில் இருக்கும் சல்லடையைத் திருகிக் கழற்றினான், நம் போர் தண்ணீர் உப்பு அதில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது, நான் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துப் பளபள என்று ஆக்கிக் கொடுத்தேன், திரும்ப மாட்டினால் அதே சொட்டு. கீசருக்குக் கீழே இருக்கும் வால்வு முழுசாகத் திறந்துதான் இருந்தது. அப்புறம் சுவிட்சை அணைத்துவிட்டு, கீசருக்குள் தண்ணீர் போகிற ஓஸ் குழாயைக் கழற்றி வாளியில் விட்டுப் பார்த்தான், அதிலேயே நூல் மாதிரிதான் வந்தது. மாமா, கீசர் மேல பழி இல்ல, கீசருக்கு வார தண்ணியே வரல, டேங்குல இருந்து கீசருக்குன்னு தனியா வார லைன்லதான் அடைப்பு, சுவத்த ஒடச்சுத்தான் பாக்கணும், நீங்க எதுவும் கை வச்சீகளா என்று கேட்டான். உன் அய்யா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நான் எதுக்குடா கை வைக்கப் போறேன், இந்த வீட்டுல யாரும் ஒண்ணும் தொடல என்றார். போன தீபாவளிக்குத்தான் வெள்ளையடித்த சுவர். பாண்டித்துரை உளியோடு திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சுவர் போனால் போகட்டும், சுவரை உடைத்து, பூசி, காய்ந்து முடிவதற்குள் உனக்கு மாதம் ஏறிவிடுமே, என் மகள் பிறத்தியார் ஊரில் ஆள் துணை இல்லாமல் பிள்ளை பெறுவாளே என்று கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நான் வீட்டுக் குழாய்த் துணிகளை எல்லாம் அவிழ்த்துத் துவைப்பது உனக்குத் தெரியும். நம் பக்கம் துரு கலங்கி வரும் தண்ணீருக்கு வாயில் துணி கட்டாத குழாய் எந்த வீட்டில் இருக்கிறது. துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கிறேன், உன் அய்யா பல்லைத் தேய்த்துக்கொண்டே வந்து, ஏ புள்ள, டேங்குக்குள்ள ஒண்ணு கெடக்கு, அதையும் எடுத்துத் தாரேன், கசக்கிப் போட்டுரு என்கிறார். டேங்குக்குள்ளே என்ன துணி என்று கேட்டேன். கீசர் மாட்டிய அன்று, இந்தப் புதுக் குழாய் வாயில துணி கட்டாதீங்க, பாக்க நல்லாருக்காது என்று பாண்டித்துரை சொன்னானாம், சொன்ன சொல்லைத் தட்டாமல் இவர் குழாயை விட்டுவிட்டு, காலியாகக் கிடந்த டேங்குக்குள் தலையை விட்டு, கீசருக்குப் போகிற பைப்பின் வாயில் தன் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு மடிப்பாக வைத்துக் கட்டியிருக்கிறார். பேரப்பிள்ளை குளிக்கிற தண்ணீராம், ஒரு மடிப்பு போதாதாம். அப்புறம் எதற்குப் பாண்டித்துரையிடம் கை வைக்கவில்லை என்று சொன்னீர்கள் என்றால், துணி கட்டுறதெல்லாம் கை வைக்கிறதாடி என்று என்னிடமே கேட்கிறார். அதுவும் ஒரு நியாயம்தான், நம் ஊரில் அதை யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பச்சைத் தண்ணீரை எல்லாம் திறந்துவிட்டு டேங்கைக் காலி செய்து, இவரே உள்ளே குனிந்து அவிழ்த்து எடுத்து வந்தார், வண்டலும் பாசியும் அப்பிக் கருவாடு மாதிரி விறைத்துக் கிடந்தது. திரும்ப மோட்டார் போட்டு நிரப்பிக் குழாயைத் திறந்ததும் வெந்நீர் கொட்டியது பார், ராக்குவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். பாண்டித்துரைக்குப் போன் போட்டு உளி வேண்டாம் என்றேன், அவன் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

அன்று உன் அய்யா என்ன நினைத்தாரோ, நீ மொதல்ல குளி என்று என்னை உள்ளே தள்ளிவிட்டு, வெளியில் நின்றுகொண்டு சூடு பத்துதா, சூடு பத்துதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லோருக்கும் நான்தான் வெந்நீர் போட்டுக் கொடுத்திருக்கிறேன், நான் குளித்தது எல்லாம் பச்சைத் தண்ணீரில்தான். ஒடிந்து கூடிய அந்தக் கையை வெந்நீரில் நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன் மாலதி. உண்மையைச் சொல்கிறேன், வெந்நீர் வந்தால்தான் வருவேன் என்று நீ சொன்னபோது எனக்கு உன்மேல் கோபம், பெற்றவளுக்கே நிபந்தனை போடுகிறாளே, என்னைக் கிழவி ஆக்கிவிட்டாளே என்று. நீ பிள்ளை பெறுவதற்கு முன்பே எனக்குத் தாயாகிவிட்டாய் என்று அப்போதுதான் புரிந்தது. போதும் தாயி, என்னைப் பற்றி நீ கவலைப்பட்டது போதும். கிளம்பி வா, வந்து மூன்று மாதம் எனக்கு மகளாக மட்டும் இரு.

மாப்பிள்ளையிடம் இன்றைக்கே டிக்கெட் போடச் சொல், கீழ்ப் படுக்கையாகப் பார்த்துப் போடச் சொல், மறந்துவிடாதே. பெட்டியை நீ தூக்காதே. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்து சேர அம்மன் துணை இருப்பாள்.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்,
அம்மா பூங்கோதை